ஒரே டிராயிங், நான்கு விலை: சப்ளையரிடம் தேவையை எப்படி எழுதிக் கொடுப்பது?

#1 ஈரோடு_பேக்கிங்

வணக்கம். மஞ்சள் தூள், மிளகாய்த் தூள் பாக்கெட் போடும் சின்ன மெஷின் செய்கிறோம். இதுவரை கடையில் கிடைக்கும் வார்ப்பு பேரிங் ஹவுசிங்கை (பேரிங் உட்காரும் கூடு) வைத்தே ஓட்டினோம். புது மாடலில் அதற்கு இடம் இல்லை. அலுமினியத்தில் தனியாகச் செய்துகொள்ளலாம் என்று டிராயிங் போட்டுக் கோவையில் சில பட்டறைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பீஸுக்கு வந்த விலை: 420, 680, 1,150, 2,300.

டிராயிங்கில் உள்ளவை இவ்வளவுதான்:

மெட்டீரியல்: அலுமினியம்
வெளி அளவு: 80 × 80 × 30 (எல்லாம் மி.மீ.)
நடுவில் போர் (துளை) 52, ஆழம் 15 (6205 பேரிங் உட்கார)
நான்கு மூலையிலும் எம்6 × 12 டேப்பிங் (மரை)
எல்லா அளவுக்கும் ±0.01
ஃபினிஷ்: நன்றாக இருக்க வேண்டும், ஆனோடைஸ்
எண்ணிக்கை: 40

அளவு, மெட்டீரியல், எண்ணிக்கை எல்லாம் தெளிவாகத்தானே இருக்கிறது? 420-க்கே கொடுத்துவிடலாம் என்கிறார் பார்ட்னர். 2,300 சொன்னவர் பெரிய கம்பெனிகளுக்கு வேலை செய்பவர், அவர் சும்மா சொல்ல மாட்டார் என்று எனக்கு ஒரு எண்ணம்.

#2 குறிச்சி_டர்னர்

நால்வரும் ஒரே பொருளுக்கு விலை சொல்லவில்லை தம்பி. நான்கு பேரும் நான்கு வேறு ஹவுசிங்கை மனதில் வைத்து விலை போட்டிருக்கிறார்கள்.

420 சொன்னவர் ±0.01-ஐப் பார்த்தே இருக்க மாட்டார். பார்த்திருந்தாலும் "எல்லாரும் இப்படித்தான் போடுவார்கள்" என்று தள்ளியிருப்பார். கையில் இருக்கிற பிளாங்கை எடுத்து லேத்தில் போர் அடித்து, பேரிங்கைத் தள்ளிப் பார்த்து, உட்கார்ந்தால் ஓகே. 2,300 சொன்னவர் நீங்கள் எழுதியதை அப்படியே நம்பிவிட்டார். வெளிப்பக்கம் 80-க்கும் ±0.01 கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கம் காற்றைத் தவிர எதையும் தொடப் போவதில்லை, ஆனாலும் அவர் நாலு பக்கமும் ஃபைன் கட் எடுத்து, ஒவ்வொரு பீஸையும் அளந்து ரிப்போர்ட் கொடுக்கிற கூலியைச் சேர்த்திருப்பார். நடுவில் உள்ள இரண்டு பேர் பாதி நம்பியிருக்கிறார்கள்.

கொட்டேஷன் எப்படிப் போடுகிறோம் தெரியுமா? சாயங்காலம் மெஷின் நிற்கிற நேரத்தில் போனில் டிராயிங்கை ஜூம் பண்ணிப் பார்ப்போம். அஞ்சு நிமிஷம். தெரியாத விஷயத்துக்கு ஒருவர் காசு சேர்ப்பார், இன்னொருவர் கண்ணை மூடிக்கொள்வார். போன் செய்து கேட்பவர் குறைவு. கேட்டால் "இது கூடத் தெரியாதா" என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒரு கூச்சம்.

#3 ஈரோடு_பேக்கிங்

புரிகிறது அண்ணா. ஆனால் ±0.01 போட்டால்தான் ±0.05-ஆவது வரும் என்று எல்லாரும் சொல்கிறார்களே? தளர்த்திப் போட்டால் இன்னும் தளர்ந்துதானே வரும்?

#4 ஓசூர்_குவாலிட்டி

மேலே உள்ள கேள்விக்கு: இல்லை, நடப்பது நேர் எதிர். எல்லா அளவும் முக்கியம் என்று எழுதினால் எது முக்கியம் என்பதை முடிவு செய்பவர் மெஷின் ஓட்டுபவர்தான். அவருக்கு உங்கள் மெஷின் தெரியாது. அவர் 80-ஐ அருமையாகப் பிடித்துவிட்டு 52-ஐக் கோட்டை விடலாம். இன்வார்ட் இன்ஸ்பெக்‌ஷனில் தினமும் பார்க்கிறேன்.

உங்கள் டிராயிங்கை வரிவரியாக எடுத்துக்கொள்வோம்.

மெட்டீரியல். அலுமினியம் என்று மட்டும் எழுதினால் வார்த்ததா, பிளாக்கில் வெட்டியதா என்பது கூடத் தெரியாது. நம் ஊர் கடைகளில் எளிதாகக் கிடைப்பது ஹெச்இ30 என்கிற 6082. அதையே கேளுங்கள், டெம்பர் (சூடாக்கிக் கடினமாக்கிய நிலை) டி6 என்றும் எழுதுங்கள். இணையத்தைப் பார்த்து 6061 என்று எழுதினால் சிலர் அதைத் தேடி அலைவார்கள், சிலர் ஹெச்இ30-ஐயே போட்டுவிட்டுச் சொல்ல மாட்டார்கள். "6082 டி6 அல்லது 6061 டி6, எது போட்டாலும் சர்டிஃபிகேட் வேண்டும்" என்று எழுதினால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

வெளி அளவு. இதற்கு ஐஎஸ்ஓ 2768 எம் என்று ஒரு வரி போதும், தனியாக எழுதாத அளவுகள் எவ்வளவு கூடிக் குறையலாம் என்ற பொது டாலரன்ஸ் அது. நம் நாட்டு ஐஎஸ் 2102-ம் இதேதான். அதன்படி 80-க்கு ±0.3, 30-க்கு ±0.2. யார் செய்தாலும் வரும். மூலை ஓட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டும் பொது டாலரன்ஸில் விடாதீர்கள். எதிரே வரும் பிளேட்டில் எம்6-க்கு வழக்கமான 6.6 ஓட்டைதான் இருக்கும், ±0.3-ல் விட்டால் ஒரு போல்ட் ஏறாமல் போகலாம். அந்தத் தூரத்துக்கு ±0.1 என்று தனியாக எழுதுங்கள்.

போர். உண்மையில் உங்கள் பார்ட் இதுதான், மற்றதெல்லாம் இதைத் தாங்கி நிற்கும் சட்டை. 52 ±0.01 என்று எழுதியிருக்கிறீர்கள். பேரிங்கின் வெளி விட்டம் 52-ல் இருந்து 13 மைக்ரான் (0.013 மி.மீ.) வரை குறைவாக வரலாம், கூடுதலாக வராது. அப்படியானால் உங்கள் கணக்குப்படி ஒரு ஹவுசிங்கில் பேரிங் 10 மைக்ரான் இறுக்கமாகவும், இன்னொன்றில் 23 மைக்ரான் லூஸாகவும் இருக்கும். இரண்டுமே டிராயிங்குக்குள்தான். எந்த ஃபிட் (எவ்வளவு இறுக்கம்) வேண்டும் என்று முடிவு செய்து அதை எண்ணாகவும் எழுதுங்கள். ஹெச்7 என்ற ஃபிட் குறி என்றால் 52-க்கு 0 முதல் +0.030. வெறும் ஹெச்7 என்று எழுதினால் சின்னப் பட்டறையில் சார்ட் தேடுவார்கள், பக்கத்தில் மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டையும் போட்டுவிட்டால் தேட வேண்டாம்.

அப்புறம் போரின் அடி மூலையில் எவ்வளவு ரேடியஸ் இருக்கலாம் என்று சொல்லவில்லை. 6205-க்கு அது 1 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, போனால் பேரிங் முழுசாக உட்காராமல் ரேடியஸ் மேல் ஏறி நிற்கும். எந்த முகத்தை மெஷினில் ஒட்டி போல்ட் போடுகிறீர்களோ அதை டேட்டம் ஏ (அளவுக்கு அடிப்படையான முகம்) என்று குறித்து, போர் அதற்கு 0.02-க்குள் செங்குத்தாக இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். ஷாஃப்ட் இழுத்துக்கொண்டு ஓடுவதற்குப் பாதி நேரம் காரணம் இது. போர் அளவில் தப்பு இருக்காது.

எம்6 × 12. இந்த 12 ட்ரில் ஆழமா, முழு மரை ஆழமா? டேப்பின் நுனி கூம்பாக இருப்பதால் 12 ட்ரில் செய்தால் முழு மரை 12 வராது. "முழு மரை குறைந்தது 12, ட்ரில் 17 வரை போகலாம்" என்று எழுதுங்கள். 30 தடிமனில் இடம் இருக்கிறது.

நன்றாக இருக்க வேண்டும். இதற்கு ஆர்ஏ மதிப்பு (மேற்பரப்பின் சொரசொரப்பு, மைக்ரானில்) போடுங்கள். போரில் 1.6, மற்ற இடங்களில் 3.2. பழைய டிராயிங்குகளில் வரும் மூன்று முக்கோணக் குறியை நம்பாதீர்கள். அது ஆர்ஏ 1.6-ல் இருந்து 0.025 வரை எல்லாவற்றையும் மூடும் போர்வை.

#5 கணபதி_சிஎன்சி

ஓசூர் சார் ஆனோடைஸை (அலுமினியத்தின் மேல் வளர்க்கும் ஆக்சைடு பூச்சு) விட்டுவிட்டார். இந்த டிராயிங்கில் அதுதான் வெடிகுண்டு.

ஆனோடைஸில் சாதாரணமும் உண்டு, ஹார்டும் உண்டு. சாதாரணம் என்றால் 10 மைக்ரான் பக்கம், அளவு பெரிதாக மாறாது. "ஆனோடைஸ்" என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்து, மெஷின் பார்ட்தானே என்று ஒருவர் 50 மைக்ரான் ஹார்ட் போட்டுக் கொடுத்தால்? பாதி உள்ளே இறங்கும், பாதி வெளியே வளரும். ஒரு பக்கத்துக்கு 25, விட்டத்தில் 50 மைக்ரான் போர் சுருங்கும். ஹெச்7-ன் மொத்த இடமே 30 மைக்ரான். மெஷின் ஷாப்பில் ஓகே ஆன 40 பீஸும் கோட்டிங் முடிந்து வரும்போது ரிஜெக்ட். போர் போட்டவர் "நான் சரியாத்தான் கொடுத்தேன்" என்பார், கோட்டிங்காரர் "எனக்கு அளவே சொல்லலையே" என்பார். இருவர் சொல்வதும் உண்மை.

எந்த வகை, எத்தனை மைக்ரான், என்ன கலர் என்று எழுதுங்கள். கூடவே "எல்லா அளவும் கோட்டிங்குக்குப் பிறகு" என்று ஒரு வரி. அல்லது "போரையும் மரையையும் மாஸ்க் செய்யவும்", அதாவது பூச்சு படாமல் மூடவும்.

இன்னொரு கேள்வி. பாக்கெட் சீல் செய்கிற மெஷின் என்றால் ஹீட்டர் இருக்குமே? ஹவுசிங் எவ்வளவு சூடாகும்?

#6 ஈரோடு_பேக்கிங்

சீலிங் ஜா (பாக்கெட்டை ஒட்டும் சூடான தாடை) பக்கத்திலேயே இருக்கிறது. ஓடும்போது ஹவுசிங் 60 டிகிரி வரை போகும். ஆனால் அது எங்கள் டிசைன் விஷயம், சப்ளையருக்கு எதற்கு?

#7 கணபதி_சிஎன்சி

அவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒரு டிகிரிக்கு அலுமினியம் மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும், பேரிங் ஸ்டீல் 12. 20-ல் இருந்து 60-க்குப் போனால் 52 விட்டத்தில் ஹவுசிங் பேரிங்கைவிடச் சுமார் 23 மைக்ரான் கூடுதலாக விரிந்துவிடும். ஓசூர் சார் சொன்ன ஹெச்7 போட்டால் சூட்டில் குறைந்தது 23 மைக்ரான் இடைவெளி, மோசமான ஜோடி அமைந்தால் 60-ஐத் தாண்டும். பேரிங்கின் வெளி ரிங் ஹவுசிங்குக்குள் சுற்ற ஆரம்பிக்கும். ஆறு மாதத்தில் போர் தேய்ந்துவிட்டது, மெட்டீரியல் மட்டம் என்று பழி சப்ளையர் தலையில் விழும்.

கே7 போடுங்கள்: +0.009 முதல் −0.021. சூட்டில் அது ஏறக்குறைய ஹெச்7 மாதிரி ஆகிவிடும். அறை வெப்பத்தில் இறுக்கமாக இருப்பதால் பேரிங் சி3 கிளியரன்ஸ் (உள்ளே சற்றுக் கூடுதல் இடைவெளி) வேண்டுமா என்று கேட்டலாக்கைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

"60 டிகிரியில் ஓடும் பேரிங் ஹவுசிங்" என்று டிராயிங் மூலையில் ஒரு வரி இருந்திருந்தால் நான் உங்களைக் கேட்டிருக்கவே வேண்டாம். அனுபவம் உள்ள பட்டறைக்காரர் அந்த வரியைப் பார்த்தே போன் செய்வார்.

#8 ஓசூர்_குவாலிட்டி

சூடு பற்றி எனக்குத் தெரியாததால் ஹெச்7 சொன்னேன். கே7 சரி.

#9 பழைய_பேட்டர்ன்

இவ்வளவு எழுதினால் கோவையில் பாதிப் பேர் வேலையே எடுக்க மாட்டார்கள். நாங்கள் இத்தனை வருஷமாக ஒரு சாம்பிளைக் கையில் கொடுத்து "இதே மாதிரி 40" என்று சொல்லித்தான் வாங்குகிறோம். மோட்டார் பம்ப், கிரைண்டர் என்று இந்த ஊரே அப்படித்தானே வளர்ந்தது? ஆளைத் தெரிந்து வைத்துக்கொள்வதைவிடப் பெரிய ஸ்பெசிஃபிகேஷன் கிடையாது.

#10 ஓசூர்_குவாலிட்டி

மேற்கோள்: *"இதே மாதிரி 40"*

அண்ணா, ஆளைத் தெரிந்திருப்பது பெரிய பலம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆள் வேலையைத் தன் மருமகனிடம் கொடுத்துவிட்டுத் திருப்பதி போன வாரம் என்ன ஆகும்?

சாம்பிளில் இன்னொரு சிக்கல். அதை அளந்து பார்ப்பவருக்கு 52.004 என்று ஒரு எண் கிடைக்கும். எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று சாம்பிள் சொல்லாது. ஓடித் தேய்ந்த பீஸைச் சாம்பிளாகக் கொடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்து 40 தடவை செய்து கொடுப்பார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் சாம்பிளை மிஞ்ச எதுவும் இல்லை: கலர், ஃபினிஷ். ஆனோடைஸ் கறுப்பு எவ்வளவு கறுப்பு என்று எழுத்தில் சொல்ல முடியாது. "இதைவிட வெளுத்தால் வேண்டாம்" என்று ஒரு பீஸில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

#11 குறிச்சி_டர்னர்

பழைய_பேட்டர்ன் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. பத்துப் பக்கம் ஸ்பெக் வந்தால் நான் விலையை ஏற்றித்தான் சொல்வேன், அது வம்பு பிடித்த பார்ட்டி என்று அர்த்தம். ஒரே ஷீட், அதில் எல்லாம் இருக்கட்டும். ஓசூர் சார் சொன்ன எல்லாமும் ஒரு ஏ3 தாளில் அடங்கும்.

#12 அம்பத்தூர்_எக்ஸ்போர்ட்

அமெரிக்க கஸ்டமருக்குச் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு பார்ட்டின் பக்கங்களைத் தாளில் எந்தப் பக்கம் வரைவது என்பதில் அவர்கள் டிராயிங் தேர்ட் ஆங்கிள், நாம் படித்தது ஃபர்ஸ்ட் ஆங்கிள். தாள் மூலையில் அந்தக் கூம்புக் குறியைப் பார்க்காமல் செய்தால் இடது வலது மாறி, கண்ணாடியில் தெரிவது போன்ற பார்ட் வரும். எல்லா அளவும் கச்சிதமாக இருக்கும், மெஷினில் மட்டும் மாட்டாது. ஈரோடு தம்பியின் பார்ட் நாலு பக்கமும் ஒரே மாதிரி என்பதால் தப்பித்தார்.

இன்னொன்று, நாம் பட்டறைகளையே குறை சொல்கிறோம். பிரான்சில் 2014-ல் வெளிவந்த கதை தெரியும்தானே? புது ரயில்களுக்காக ரயில் பாதை நிர்வாகம் நடைமேடை அளவுகளைக் கொடுத்தபோது 30 வருடத்துக்குள் கட்டிய நடைமேடைகளின் அளவைத்தான் கொடுத்தார்கள். பழையவை இன்னும் நெருக்கமானவை. ஆர்டர் கொடுத்த பிறகு வண்டி அகலம் என்று தெரிந்து, சுமார் 1,300 நடைமேடைகளைச் செதுக்க வேண்டி வந்தது. செலவு 5 கோடி யூரோ. ரயில் செய்தவர் கொடுத்த அளவுக்குத்தான் செய்தார்.

ஸ்பெயினிலும் இதே மாதிரி. 2020-ல் 31 ரயில்களுக்கு ஆர்டர், வடக்கே மலைப் பாதையில் உள்ள பழைய சுரங்கப்பாதைகளுக்கு அந்த அளவு பொருந்தாது. ஆனால் அங்கே தயாரிப்பு நிறுவனமே 2021-ல் "நீங்கள் கொடுத்த அளவு சரியில்லை" என்று சொல்லிவிட்டது. ஒரு பெட்டி கூடக் கட்டியிருக்கவில்லை. 2023-ல் விஷயம் வெளியே வந்து பெரிய பதவிகள் போயின, வண்டிகள் வரத் தாமதமும் ஆனது, ஆனால் 31 ரயில் வீணாகவில்லை.

#13 பழைய_பேட்டர்ன்

நான் சொன்னதும் அதுதானே, திருப்பிக் கேட்கிற ஆளைப் பிடி என்று!

#14 ஈரோடு_பேக்கிங்

எல்லாருக்கும் நன்றி. மாற்றி எழுதியது இது. பார்த்துச் சொல்லுங்கள்.

"பயன்: பேக்கிங் மெஷினில் 6205 பேரிங் ஹவுசிங், ஓடும் வெப்பம் 60 டிகிரி வரை.
மெட்டீரியல்: 6082 டி6 (ஹெச்இ30) அல்லது 6061 டி6, சர்டிஃபிகேட்டுடன்.
எழுதாத அளவுகளுக்கு ஐஎஸ்ஓ 2768 எம்.
முக்கிய அளவுகள் மூன்று, டிராயிங்கில் வட்டமிட்டவை: போர் 52 கே7 (+0.009 / −0.021); ஏ முகத்துக்குப் போர் செங்குத்து 0.02, ஓட்டை இடைவெளி 60 ±0.1.
போர் அடி ரேடியஸ் அதிகபட்சம் 0.8. போர் வாயில் சாம்பர் (விளிம்புச் சரிவு) 0.5. கூர் விளிம்பு எதுவும் இருக்கக் கூடாது.
எம்6, முழு மரை குறைந்தது 12.
ஆர்ஏ: போர் 1.6, மற்றவை 3.2.
சாதாரண கறுப்பு ஆனோடைஸ், 10 மைக்ரான். போரும் மரையும் மாஸ்க்.
முதலில் 2 பீஸ். மூன்று முக்கிய அளவுகளின் ரிப்போர்ட்டுடன் வர வேண்டும். நாங்கள் எழுத்தில் ஓகே சொன்ன பிறகே மீதி 38.
இந்த வருடம் 40. ஓடினால் அடுத்த வருடம் 300 வரை."

#15 கணபதி_சிஎன்சி

ரொம்ப நன்று. விட்டது இரண்டு. ஒன்று, ரிவிஷன் நம்பரும் தேதியும். வாட்ஸ்அப்பில் பழைய டிராயிங் மேலே எங்கேயோ கிடக்கும், ஆபரேட்டர் ஸ்க்ரோல் பண்ணி அதைத்தான் திறப்பார். பர்ச்சேஸ் ஆர்டரிலும் "ரிவிஷன் 1-ன்படி" என்று எழுதுங்கள். போனில் பேசி ஏதாவது மாற்றினால் அன்றே ரிவிஷன் 2. மாற்றம் சின்னது என்று விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, ஸ்டெப் ஃபைலும் (3டி மாடல்) பிடிஎஃபும் சேர்த்து அனுப்புவீர்கள்தானே? சிஎன்சி ப்ரோக்ராமர் ஸ்டெப் ஃபைலைத்தான் திறப்பார். உங்கள் மாடலில் போர் 52.000 என்று வரைந்திருக்கும், அவருக்கு டாலரன்ஸ் தெரியாது. "இரண்டும் மாறுபட்டால் பிடிஎஃப் செல்லும்" என்று எழுதிவிடுங்கள்.

#16 ஓசூர்_குவாலிட்டி

எப்படி அளப்பது என்பதையும் எழுதுங்கள். 30 மைக்ரான் டாலரன்ஸை வெர்னியரால் அளந்து ரிப்போர்ட் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். "போர் கேஜ், 20 டிகிரி" என்று குறிப்பிடலாம்.

#17 குறிச்சி_டர்னர்

20 டிகிரிக்கு நான் எங்கே சார் போவேன்? மத்தியானம் என் ஷெட்டில் 34.

#18 ஓசூர்_குவாலிட்டி

அதற்காகத்தான் சொன்னேன். 34 டிகிரியில் அந்த 52 போர் 17 மைக்ரான் பெரிதாகத் தெரியும். போர் கேஜை செட் செய்யும் ஸ்டீல் மாஸ்டர் ரிங்கும் அதே 34-ல் இருந்தால் வித்தியாசம் 8 மைக்ரான் பக்கம் வரும். வெட்டிய சூட்டோடு அளந்தால் இன்னும் மோசம். ஏசி ரூம் கேட்கவில்லை. பீஸையும் ரிங்கையும் ஒரே மேஜையில் இரவு வைத்துவிட்டுக் காலையில் அளங்கள், ரூம் வெப்பத்தையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள். தகராறு வந்தால் சிட்டார்க் மாதிரி ஒரு லேபில் அளந்ததே முடிவு என்று முன்பே ஒப்புக்கொள்ளுங்கள்.

#19 அம்பத்தூர்_எக்ஸ்போர்ட்

ஈரோடு தம்பிக்கு: சரக்கு வந்ததும் அளந்துவிடுங்கள், மூட்டையாக வைத்திருக்காதீர்கள். சப்ளையர் உத்யம் (அரசின் சிறுதொழில் பதிவு) பதிவு செய்த குறு, சிறு நிறுவனம் என்றால் 2006-ம் வருட எம்எஸ்எம்இ சட்டப்படி 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் பணம் 45 நாளைத் தாண்டக் கூடாது. போனில் "சரியில்லைங்க" என்று சொன்னது எழுத்து ஆகாது.

#20 ஈரோடு_பேக்கிங்

ரிவிஷன் 1-ஐ அதே நான்கு பேருக்கும் அனுப்பினேன். 760, 820, 890. முதலில் 420 சொன்னவர் "இது நமக்கு வேண்டாங்க, கோட்டிங் மாஸ்க் எல்லாம் நம்மிடம் இல்லை" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். முன்பு 2,300 சொன்னவர்தான் இப்போது 820. பார்ட்னர் 760-ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

820 சொன்னவர் மட்டும் போன் செய்து, கே7-க்கு ப்ளக் கேஜ் (துளைக்குள் விட்டுப் பார்க்கும் அளவுக் கட்டை) ஒன்று செய்துகொள்ளலாம், அதன் செலவு யாருடையது என்று கேட்டார். எல்லாரும் வழக்கமாக எப்படிச் செய்கிறீர்கள்?

#21 குறிச்சி_டர்னர்

40 பீஸுக்குக் கேஜ் வேண்டாம், போர் கேஜ் போதும். 300 வரும் என்றால் கோ, நோ-கோ கேஜை (ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது) நீங்களே காசு கொடுத்துச் செய்து, உங்கள் கம்பெனி பெயரை அதில் பொறித்து, அவரிடம் டெலிவரி சலானில் கொடுத்து வையுங்கள். நாளைக்கு வேலையை இன்னொருவருக்கு மாற்றினால் கேஜைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அவர் காசில் செய்தால் அது அவருடையது, கேட்க முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை காலிபரேஷன் உங்கள் பொறுப்பு.

820-க்குக் கொடுங்கள் தம்பி.

#22 பழைய_பேட்டர்ன்

760 ஆளிடமும் ஒரு போன் போட்டுப் பார். மாஸ்க் எங்கே பண்ணுவார், எந்தக் கோட்டிங்காரர் என்று கேள். சொல்லத் தெரிந்தால் அப்புறம் யோசி.